சுங்கை சிப்புட் புள்ளிக் கடை: ஒரு மதிப்புரை

மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் பட்டணத்தில், ஒரு கோயில் மண்டபத்தின் பின்பக்கம், சனிக்கிழமை காலையில் மட்டும் திறக்கும் சிறிய கடை ஒன்று இருக்கிறது. வாசலில் பெயர்ப்பலகை கிடையாது. வருமானம் போதாத குடும்பங்கள் அரிசி, பருப்பு, எண்ணெய் தொடங்கி குழந்தைப் பால்மாவு, பள்ளிச் சப்பாத்து (காலணி), பெரியவர்களுக்கான பேம்பர்ஸ் வரை புள்ளிகளைக் கொடுத்து வாங்கிச் செல்வதால், ஊர்க்காரர்கள் இதைப் புள்ளிக் கடை என்றே அழைக்கிறார்கள். ஓய்வு பெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியர்கள், ஒரு தாதி, முன்பு தோட்டத்தில் கிராணியாக (எழுத்தராக) இருந்த ஒருவர், விடுமுறைக்கு வீடு திரும்பும் கல்லூரி மாணவர்கள் சிலர் ஆகியோர் சேர்ந்து, சம்பளம் எதுவும் வாங்காமல் இதை நடத்துகிறார்கள். தங்கள் பெயர்களையும் தெருவையும் எழுத வேண்டாம் என்று அவர்கள் கேட்டுக்கொண்டதால் அவற்றை விட்டுவிடுகிறேன். தேவைப்படுகிறவர்கள் பட்டணத்துக் கோயில்களில் விசாரித்தால் வழி சொல்வார்கள். பொருள் கொடுப்பவள் என்ற முறையிலும், தனியாகப் போகக் கூச்சப்படும் அக்கம்பக்கத்தாருக்குத் துணையாகப் போகிறவள் என்ற முறையிலும் இந்தக் கடையை நான் அருகிலிருந்து பார்த்து வருகிறேன். நம் ஊரில் நடக்கும் உதவிகளுள், வாங்குகிறவரின் மானத்துக்குப் பங்கம் வராமல் நடப்பது இதுதான் என்பது என் தீர்ப்பு. உடனே திருத்த வேண்டிய குறைகளும் இதில் உண்டு. அவற்றையும் மறைக்காமல் எழுதுகிறேன்.

இப்படி ஒரு கடை நமக்குத் தேவையா என்று கேட்பவர்களுக்கு முதலில் பதில் சொல்லியாக வேண்டும். அந்தக் கேள்வியை வெளியாரைவிட நம்மவர்களே அதிகம் கேட்கிறார்கள். இந்தக் காலத்தில் யார் வீட்டில் உலை ஏறவில்லை, குடித்து அழித்தவனுக்கு நாம் ஏன் படியளக்க வேண்டும் என்று கோயில் கூட்டத்திலும் கல்யாண வீட்டுப் பந்தியிலும் பேசுகிறார்கள். இதே மறுப்பு நாட்டளவிலும் நீண்ட காலம் இருந்தது. 2019 ஆகஸ்டில் மலேசியாவுக்கு வந்த ஐக்கிய நாட்டு நிறுவனத்தின் வறுமை பற்றிய சிறப்பு அறிக்கையாளர் பிலிப் ஆல்ஸ்டன், குடும்பத்துக்கு மாதம் 980 ரிங்கிட் என்று அன்று வைத்திருந்த வறுமைக் கோட்டையும், அதன்படி நாட்டில் 0.4 விழுக்காட்டுக் குடும்பங்களே ஏழைகள் என்ற கணக்கையும் ஏற்க முடியாது என்று வெளிப்படையாகச் சொன்னார். நான்கு பேர் உள்ள வீட்டில் அந்த 980 ரிங்கிட்டைப் பிரித்தால் ஆளுக்கு நாளொன்றுக்கு எட்டு வெள்ளி (ரிங்கிட்) சொச்சம்தான் வரும். மறு ஆண்டு அரசாங்கமே கணக்கிடும் முறையைத் திருத்திக் கோட்டை 2,208 ரிங்கிட்டுக்கு உயர்த்தியது. அப்போது 2016ஆம் ஆண்டின் 0.4 விழுக்காடு, அதே ஆண்டுக்கு 7.6 விழுக்காடு என்று மாறியது. ஏழைகள் புதிதாக முளைத்துவிடவில்லை, முன்பே இருந்தவர்கள் கணக்கில் ஏறினார்கள். 2022இல் சராசரிக் கோடு 2,589 ரிங்கிட்டானது. குறைந்தபட்சச் சம்பளமோ 2025 பிப்ரவரி முதல் 1,700 ரிங்கிட். அதில் ஊழியர் சேமநிதிக்குப் பதினொரு விழுக்காடு, அதாவது 187 ரிங்கிட், பிடித்தால் கைக்கு வருவது 1,513 ரிங்கிட். சொக்சோ எனப்படும் சமூகப் பாதுகாப்புப் பிடித்தம் அதற்கும் மேல். குறைந்தபட்சச் சம்பளத்தில், ஒருவர் உழைப்பில் ஓடும் குடும்பம், குடிக்காமலும் சூதாடாமலும் இருந்தாலும் கோட்டுக்குக் கீழேதான் நிற்கிறது. புள்ளிக் கடைக்கு வருகிறவர்களில் பெரும்பாலோர் இப்படி வேலைக்குப் போகிறவர்கள் என்பதை அங்கே அரை மணி நேரம் நின்றாலே தெரிந்துகொள்ளலாம். தொழிற்சாலைச் சீருடையோடும் பாதுகாவலர் சட்டையோடும் இரவு வேலை முடித்து நேராக வருகிறார்கள்.

நம் ஊரில் இந்த ஏழ்மை கண்ணுக்குத் தெரியாமல் போனதற்கு ஒரு காரணம் இருக்கிறது. தோட்டங்களில் பால்மரம், அதாவது ரப்பர், இருந்த காலத்தில் எல்லாரும் ஒரே வரிசை வீடுகளில் இருந்தோம். யார் வீட்டில் அரிசி தீர்ந்தது, யாருக்குக் காய்ச்சல், யார் பிரட்டுக்கு (காலை ஆள் கணக்கெடுப்புக்கு) வரவில்லை என்பதெல்லாம் விடிவதற்குள் தெரிந்துவிடும். சம்பளம் குறைவுதான், ஆனால் வீடு, தண்ணீர், பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாக் கொட்டகை, மருந்துக் கொட்டகை ஆகியவை தோட்டத்தோடு சேர்ந்தே இருந்தன. வீட்டுப் பின்புறம் நாலு மரவள்ளியும் ஒரு மாடும் இருந்தன. பால்மரம் போய்ச் செம்பனை வந்தபோது ஆள் தேவை குறைந்தது, குறைந்த கூலிக்கு வெளிநாட்டார் வந்தார்கள், சில தோட்டங்கள் வீடமைப்புக்கு விற்கப்பட்டன. வேலையோடு கட்டிப்போடப்பட்ட வீடு, வேலை முடிந்ததும் கையைவிட்டுப் போனது. மூன்று தலைமுறை உழைத்தவர்கள் ஒரு சிறு தொகையோடு பட்டணத்து மலிவு விலை வீடுகளுக்கும் வாடகை அறைகளுக்கும் வந்து சேர்ந்தார்கள். தாமான் எனப்படும் குடியிருப்புப் பகுதி வீட்டில் இரும்புக் கதவைச் சாத்திவிட்டால் உள்ளே உலை ஏறியதா இல்லையா என்பது அடுத்த வீட்டுக்குத் தெரியாது. மலேசிய இந்தியர்களின் அன்றைய அரசியல் தலைவரான நம் துன் வீ. தி. சம்பந்தன் பிறந்த ஊர் இது. வெள்ளைக்கார முதலாளிகள் தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்றுச் சென்ற காலத்தில், பாட்டாளிகளிடம் பத்துப் பத்து வெள்ளியாகச் சேர்த்து அந்தத் தோட்டங்களை அவர்களே வாங்கும்படி 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியவர் அவர். தன் ஏழ்மையை ஒளிக்காமல் ஒப்புக்கொண்டு, அதற்குத் தானே கைகொடுத்த சமூகம் நாம் என்பதை மறந்துவிட்டோமே என்ற ஆதங்கம் எனக்கு உண்டு.

கடை நடக்கும் விதத்துக்கு வருகிறேன். பதிந்துகொண்ட குடும்பத்துக்கு மஞ்சள் நிற அட்டை ஒன்று தருகிறார்கள். அதில் பெயர் இருக்காது, ஓர் எண் மட்டும் இருக்கும். வீட்டில் உள்ள தலைக்கணக்குப்படி மாதாந்திரப் புள்ளிகள் எழுதப்படும். கைக்குழந்தையோ படுத்த படுக்கையான நோயாளியோ இருந்தால் கூடுதல் புள்ளி உண்டு. ஒவ்வொரு பொருளுக்கும் தட்டில் புள்ளி எழுதி ஒட்டியிருக்கிறார்கள். கூடையை எடுத்துக்கொண்டு, வேண்டியதைப் பார்த்து எடுத்து, முகப்பு மேசையில் கொடுத்தால் அட்டையில் கழித்துக்கொள்கிறார்கள். வெளியே போகும் வழியில் ஓர் உண்டியல் இருக்கிறது. முடிந்தவர்கள் இரண்டு வெள்ளி போடலாம். போட்டார்களா என்று யாரும் பார்ப்பதில்லை, உண்டியல் இருக்கும் இடத்தைச் சுவரின் மறைவில் வேண்டுமென்றே வைத்திருக்கிறார்கள். போடும் அந்த இரண்டு வெள்ளியில் சிலருக்குக் கிடைக்கும் நிமிர்வை நான் பார்த்திருக்கிறேன், ஆகவே இந்த ஏற்பாடு தொடர வேண்டும் என்பதே என் கருத்து.

பொருளைத் தாமே தேர்ந்தெடுப்பது சிறிய விஷயமாகத் தோன்றலாம். ஆனால் இந்தக் கடையின் உயிரே அதில்தான் இருக்கிறது. தீபாவளிக்கு முன் மேடை போட்டுக் கொடுக்கும் ஹெம்பர் பைகளை நாம் எல்லாரும் அறிவோம். எல்லாப் பைகளிலும் ஒரே அரிசி, ஒரே மீஹூன், ஒரே சர்பத் போத்தல். வரிசையாக நிறுத்திப் பெயர் கூப்பிட்டு, பையின் ஒரு காதைத் தலைவரும் மறு காதை வாங்குகிறவரும் பிடித்திருக்க, பின்னால் பதாகையோடு படம் எடுக்கிறார்கள். அந்தப் படம் புலனத்திலும் முகநூலிலும் ஊர் முழுக்கச் சுற்றுகிறது. மறுநாள் அந்த வீட்டுப் பிள்ளை பள்ளிக்குப் போக வேண்டுமே என்று யாரும் நினைத்துப் பார்ப்பதில்லை. கொடுப்பவர்களின் நல்லெண்ணத்தை நான் சந்தேகிக்கவில்லை. கொடுக்கும் முறை மனத்தைப் புண்படுத்துகிறது என்கிறேன். புள்ளிக் கடையில் கைப்பேசியை உள்ளே எடுக்கவே கூடாது. வருகை தரும் பிரமுகர்களுக்கும் இதே விதிதான். ஒருமுறை, பெரிய நன்கொடை கொடுக்க வந்த ஒருவர் படம் இல்லாமல் கொடுக்க மாட்டேன் என்றபோது, நன்கொடை வேண்டாம் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். அன்று அலமாரியில் அரிசி குறைவாகவே இருந்தது. இருந்தும் அந்த முடிவு சரி என்றே நினைக்கிறேன்.

தேர்ந்தெடுக்க விட்டால் கண்டதையும் அள்ளுவார்கள் என்ற பயம் வீண். ஏழை வீட்டுப் பெண்களைப் போல் கணக்குப் பார்க்கத் தெரிந்தவர்கள் யாரும் இல்லை. கோயில் அன்னதானத்தில் அரிசி கிடைத்த வாரத்தில் அரிசியைத் தொடாமல் முட்டையும் நெத்திலியும் எடுக்கிறார்கள். பிள்ளைக்குத் தேர்வு இருந்தால் பென்சிலும் பயிற்சிப் புத்தகமும் எடுக்கிறார்கள். வெள்ளைச் சேலை கட்டிய பாட்டி ஒருவர் டின் மீன் அலமாரி முன் நெடுநேரம் நின்றதை நான் பார்த்தேன். தேதி நெருங்கிய டின்களைத் தனித் தட்டில் பாதிப் புள்ளிக்கு வைத்திருக்கிறார்கள். அவர் அதிலிருந்து இரண்டை எடுத்து, மூக்குக்கண்ணாடி இல்லாததால் கையை நீட்டிப் பிடித்துத் தேதியைப் படிக்கப் பார்த்தார். “பாட்டி, அது அடுத்த வாரம் முடியுது, இந்தப் பக்கம் இருக்கிறத எடுத்துக்குங்க” என்றாள் அங்கே நின்ற மாணவி. “ஒன்னு இன்னிக்கே ஆக்கிருவேன்மா, இன்னொன்னு நாளைக்கு. மிச்சப் புள்ளியில அவருக்கு பேம்பர்ஸ் எடுக்கணும்” என்று சொல்லிவிட்டு, மடித்து மடித்துக் கசங்கிய நெகிழிப் பைக்குள் இருந்து மஞ்சள் அட்டையை எடுத்தார். படுக்கையில் கிடக்கும் கணவருக்கு மாதம் எத்தனை வேண்டும், அதற்கு எத்தனை புள்ளி ஒதுக்க வேண்டும் என்பதெல்லாம் அவர் மனத்தில் முன்பே கூட்டிக் கழிக்கப்பட்டிருந்தன.

பொருளின் தரத்தைப் பற்றிச் சொல்வதானால், அரிசியும் எண்ணெயும் நன்றாக இருக்கின்றன. பத்துக் கிலோ 26 ரிங்கிட் கட்டுப்பாட்டு விலையில் உள்ள உள்நாட்டு வெள்ளரிசி கிடைக்கும்போது வாங்கிச் சேர்க்கிறார்கள். 2023இல் அந்த அரிசி கடைகளில் அரிதான நாள்களை நினைவில் வைத்து எப்போதும் கையிருப்பு வைத்திருப்பதாகச் சொன்னார்கள். 2.50 ரிங்கிட் பாக்கெட் எண்ணெயும் அப்படித்தான். காய்கறி வருவது குறைவு. வந்தால் முதல் ஒரு மணி நேரத்தில் தீர்ந்துவிடும்.

என் பெரிய வருத்தம் இனிப்புப் பொருள்கள் பற்றியது. நன்கொடையாக வருவதில் பாதி டின் பால், சர்பத், பிஸ்கட், மேகி. இவற்றுக்குப் புள்ளியும் மிகக் குறைவு, அதனால் கூடைகளில் இவை நிறைய ஏறுகின்றன. 2019இல் நடந்த தேசிய சுகாதார ஆய்வின்படி மலேசியப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு. இனவாரியாகப் பார்த்தால் இந்தியர்களிடையேதான் அந்த விழுக்காடு மிக அதிகம். கால் விரல் எடுக்கப்பட்டவரும் வாரத்துக்கு மூன்று முறை இரத்தச் சுத்திகரிப்புக்குப் போகிறவரும் இல்லாத தெரு நம் தாமான்களில் அரிது. குடும்பத் தலைவரின் கால் போனால் சம்பளம் போகிறது, சம்பளம் போனால் அந்த வீடு இந்தக் கடைக்கு வருகிறது. அந்த வீட்டுக்கே டின் பாலை மலிவான புள்ளிக்குக் கொடுப்பது எப்படி நியாயமாகும்? இனிப்புப் பொருள்களுக்குப் புள்ளியை ஏற்றி, முட்டைக்கும் பருப்புக்கும் கீரைக்கும் இறக்க வேண்டும். கடையில் இருக்கும் தாதியும் இதையே சொல்லி வருகிறார். நன்கொடை கொடுப்பவர்கள் மனம் நோகுமே என்று மற்றவர்கள் தயங்குகிறார்கள். இந்தத் தயக்கத்தை விட வேண்டும்.

இந்தக் கடையின் மிகப் பெரிய சிறப்பு, அடையாள அட்டை இல்லாதவர்களையும் சேர்த்துக்கொள்வது. அரசாங்க உதவிகளில் பெரும்பாலானவற்றுக்கு, ஏழைக் குடும்பங்களைப் பட்டியலிடும் இ-காசே பதிவானாலும் ரஹ்மா ரொக்க உதவியானாலும், குடிமக்களுக்கான அடையாள அட்டையான மைகாட் வேண்டும். 2025 ஆகஸ்டு 31 முதல் பதினெட்டு வயதும் அதற்கு மேலும் ஆன குடிமக்கள் எல்லாருக்கும் வழங்கப்பட்ட, சாரா எனப்படும் 100 ரிங்கிட் அடிப்படைப் பொருள் உதவியும் மைகாட் வழியாகவே கிடைத்தது. அது நல்ல திட்டம். மளிகைக் கடையில் மைகாட்டைக் காட்டி அரிசியும் முட்டையும் வாங்கும்போது யார் ஏழை, யார் வசதியானவர் என்ற வேறுபாடே தெரியவில்லை. ஆனால் இந்த மண்ணிலேயே பிறந்தும், தோட்டத்தில் பிறப்பைப் பதியாமல் விட்டதால் பிறப்புப் பத்திரம் இல்லாதவர்களும், ஆயுள் முழுக்க, குடியுரிமை இல்லாத நிரந்தர வசிப்பாளருக்கான சிவப்பு அடையாள அட்டையோடு வாழ்ந்து மூப்படைந்தவர்களும் நம்மிடையே இன்னும் இருக்கிறார்கள். தாய்க்குப் பத்திரம் இல்லையென்றால் பிள்ளையின் பதிவும் சிக்கலாகிறது. அந்தக் குடும்பங்களின் பசிக்கு எந்தக் கணினியிலும் இடமில்லை. புள்ளிக் கடை அவர்களுக்கு முதலில் மஞ்சள் அட்டையைக் கொடுத்துவிட்டு, பிறகு அந்த முன்னாள் கிராணி மூலமாகத் தேசியப் பதிவிலாகாவுக்கான படிவங்களை நிரப்பித் தருகிறது. பழைய தோட்டத்துப் பதிவேடுகளையும் தமிழ்ப்பள்ளிச் சேர்க்கை ஏடுகளையும் தேடிப் பிடித்துச் சான்று சேர்ப்பதில் அவருக்கு நல்ல அனுபவம் இருக்கிறது. இந்த ஒரு பணிக்காகவே கடையை நான் எல்லாருக்கும் பரிந்துரைப்பேன்.

முகப்பு மேசையின் ஓரத்தில் ஒரு நீளக் கணக்குப் புத்தகம் கிடக்கும். மக்கள் கேட்டு, கடையில் இல்லாத பொருள்களை அதில் எழுதி வைக்கிறார்கள். அனுமதி கேட்டு நான் அதைப் புரட்டினேன். மூக்குக்கண்ணாடி. ஏழாம் நம்பர் வெள்ளைச் சப்பாத்து. மெத்தை. குழந்தைக்கு இருமல் மருந்து. மோட்டார் டயர். மோட்டார் ரோட்டெக்ஸ், அதாவது மோட்டார் சைக்கிளுக்கான சாலை வரி. கரண்ட் பில். மீண்டும் ரோட்டெக்ஸ். எலிப்பொறி. பல் கட்ட உதவி. ஒரு பக்கத்தில், கையெழுத்து மட்டும் மாறி மாறி, பெண்கள் அணியும் பஞ்சுப் பட்டைகள் என்று வரிசையாக எழுதியிருந்தது. அதன் பிறகுதான் அவற்றை வாங்கி வைக்கத் தொடங்கினார்களாம். ரோட்டெக்ஸ் இல்லாமல் மோட்டாரை ஓட்டிச் சிக்கிக்கொண்டால் அபராதம், அபராதம் கட்ட ஆலோங் எனப்படும் சட்டவிரோத வட்டிக்காரரிடம் கடன், கடனுக்கு வட்டி கட்டச் சம்பளத்தில் பாதி என்று ஒரு வீடு கவிழ்வதற்குச் சில மாதங்கள் போதும். நம் ஏழ்மையைப் பற்றிக் கருத்தரங்கு நடத்துகிறவர்களும், இந்தியச் சமூக மேம்பாட்டுக்கான அரசாங்கப் பிரிவான மித்ரா போன்ற அமைப்புகளுக்குத் திட்டம் எழுதிக் கொடுக்கிறவர்களும் முதலில் இந்தப் புத்தகத்தைப் படிக்க வேண்டும். இந்தியச் சமூக உருமாற்றத்துக்கென்று பொதுப்பணம் ஒதுக்கப்படுகிறது. அதில் ஒரு பங்கு டயருக்கும் கண்ணாடிக்கும் போனால் எத்தனை பேர் வேலையை இழக்காமல் இருப்பார்கள் என்று அந்தப் பக்கங்களைப் பார்த்தபோது எனக்குத் தோன்றியது.

இனிக் குறைகள். பதிவு மேசையை வாசலை ஒட்டி, அரிசி மூட்டைகளுக்குப் பக்கத்தில் போட்டிருக்கிறார்கள். சம்பளம் எவ்வளவு, கணவர் வீட்டில் இருக்கிறாரா, யாரிடம் கடன், எத்தனை மாத வாடகை பாக்கி என்று கேட்கும் கேள்விகளும் பதில்களும் பின்னால் நிற்பவர்கள் காதில் விழுகின்றன. இடையில் ஒரு பலகைத் தடுப்பு இருந்தாலும் அது பேச்சை மறைப்பதில்லை. தொழிற்சாலைச் சீருடையில் வந்த ஓர் இளைஞர், பதிவு மேசையில் உட்கார்ந்திருந்தவர் தனக்குப் பாடம் சொல்லித் தந்த ஆசிரியர் என்பதைக் கண்டதும் வாசற்படியிலேயே நின்று, கைப்பேசியில் ஏதோ பார்ப்பது போல் பாவனை செய்து, திரும்பிப் போய் மோட்டாரை எடுத்துக்கொண்டு போய்விட்டார். ஆசிரியர் மிக நல்லவர், கடிந்து ஒரு வார்த்தை பேசாதவர். ஆனால் சிறிய ஊரில் எல்லாருக்கும் எல்லாரையும் தெரியும் என்பதுதான் வருகிறவரின் பயம். பதிவை மட்டும் தொலைபேசி வழியாகவோ, கோலகங்சாரிலிருந்தோ ஈப்போவிலிருந்தோ வரும் முகமறியாத தொண்டர்கள் மூலமாகவோ தனி அறையில் வைத்துக்கொள்வது அவசரமாகச் செய்ய வேண்டிய வேலை. மண்டபத்தில் பூட்டிக் கிடக்கும் பாத்திர அறை ஒன்று இருக்கிறது, அதைத் திறந்துவிட்டாலே போதும்.

கடை கோயில் வளாகத்தில் இருப்பதால் கிறிஸ்தவத் தமிழ்க் குடும்பங்கள் வரத் தயங்குகின்றன. இனமோ சமயமோ கேட்பதில்லை என்பது உண்மை. அக்கம்பக்கத்து மலாய் அம்மா ஒருவரும், உட்புறக் கிராமத்திலிருந்து வரும் பூர்வகுடிக் குடும்பம் ஒன்றும் அட்டை வைத்திருக்கிறார்கள். இருந்தாலும், சப்பாத்தைக் கழற்றிவிட்டு மண்டபத்தைக் கடந்து பின்பக்கம் வரும் வழி எல்லாருக்கும் இயல்பாக இராது. பின்தெருப் பக்கம் உள்ள சிறு கதவைத் திறந்து வைத்தால் இந்தச் சிக்கல் தீரும். சனிக்கிழமை காலை மட்டும் திறப்பதும் ஷிப்ட் வேலைக்காரர்களுக்கு ஒத்து வருவதில்லை. இன்னும் தோட்டத்துக்குள்ளேயே குடியிருக்கும் முதியவர்களுக்கு நிலைமை மேலும் கடினம். பேருந்து இல்லை, கிரேப் வாடகைக் காரில் வந்து போகும் செலவு வாங்கும் பொருளின் மதிப்பில் பெரும்பகுதியைத் தின்றுவிடும். மாதத்துக்கு ஒருமுறை வேன் ஒன்றில் பொருள்களை ஏற்றித் தோட்டத்து வாசல் வரை போய் வர வேண்டும். வேன் வைத்திருக்கும் பூக்கடைக்காரர்களும் கேட்டரிங் தொழில் செய்கிறவர்களும் நம் பட்டணத்தில் இருக்கிறார்கள். அவர்களை நேரில் போய்க் கேட்கலாம். கும்பாபிஷேகத்துக்கும் திருவிழாவுக்கும் ஊர் கூடி இலட்சக்கணக்கில் திரட்ட முடிகிறபோது, இதற்கு எண்ணெய்ச் செலவு திரட்ட முடியாது என்று யாரும் சொல்ல முடியாது. கோயிலுக்குச் செலவிட வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கோயில் மண்டபத்திலேயே இந்தக் கடை நடப்பது அந்தக் கோயிலுக்குப் பெருமை என்றே எண்ணுகிறேன்.

குடிப்பழக்கத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. சம்சு என்ற மலிவு மது நம் தோட்டங்களில் செய்த நாசத்தை நான் மறுக்கவில்லை. இன்றும் சில வீடுகளில் அது நடக்கிறது. அந்த வீடுகளின் அட்டையைக் கணவரிடம் தராமல் மனைவியின் பொறுப்பில் கொடுக்கிறார்கள், பொருளை வெளியே விற்க முடியாதபடி அரிசியைச் சிறு பைகளில் பிரித்துக் கட்டித் தருகிறார்கள். தகப்பன் குடிக்கிறான் என்பதற்காகப் பிள்ளையின் பால்மாவை நிறுத்தியதில்லை. இதில் கடையின் போக்கு முழுக்கச் சரியானது, மாற்ற ஒன்றுமில்லை.

உதவ நினைப்பவர்களுக்குச் சில விவரங்கள். இப்போது அவர்களுக்கு மிகவும் தேவைப்படுபவை பெரியவர் பேம்பர்ஸ், ஆறு மாதத்துக்கு மேற்பட்ட குழந்தைகளுக்கான பால்மாவு, முட்டை, வெள்ளைப் பள்ளிச் சப்பாத்து. டின் பாலும் சர்பத்தும் போதும் போதும் என்று இருக்கின்றன. காலாவதித் தேதிக்கு மூன்று மாதமாவது இருக்கும் பொருளாகக் கொடுங்கள். பழைய துணி வேண்டாம். பணமாகக் கொடுத்தால் ரசீது தருகிறார்கள்; வரவு செலவுக் கணக்கை மாதந்தோறும் மண்டபத்து அறிவிப்புப் பலகையில் ஒட்டுகிறார்கள், நான் சரிபார்த்த வரையில் கணக்கு ஒழுங்காக இருக்கிறது. பொருள் வாங்கப் போகிறவர்கள் முதல் முறை அட்டை பதிவதற்கு எட்டரை மணிக்கே போய்விடுங்கள், அப்போது பின்னால் வரிசை இருக்காது, பேசுவதும் பிறர் காதில் விழாது. சம்பளச் சீட்டு இருந்தால் எடுத்துச் செல்லுங்கள், இல்லாவிட்டாலும் திருப்பி அனுப்ப மாட்டார்கள். தைப்பூச வாரத்திலும் தீபாவளி வாரத்திலும் மண்டபம் வேறு வேலைக்குத் தேவைப்படுவதால் கடை மூடியிருக்கும். அதற்கு முந்திய சனிக்கிழமை இரண்டு வாரத்துக்கான பொருளைச் சேர்த்தே எடுத்துக்கொள்ள அனுமதிக்கிறார்கள்.